தட்டும் சுழல வேண்டும், லேப்டாப்பும் வேண்டும்: எதை முதலில் வாங்குவது?

கருந்தட்டு (சென்னை)

எல்லோருக்கும் வணக்கம். சின்ன இரண்டு சேனல் கன்ட்ரோலர் (லேப்டாப் பாட்டை மிக்ஸ் செய்யும் பலகை) ஒன்றை வைத்துக்கொண்டு ரிசப்ஷன், கல்லூரி விழா என்று டிஜேவாகப் போய்க்கொண்டிருக்கிறேன். இப்போது நிஜமான டர்ன்டேபிளுக்கு வர ஆசை. ஸ்க்ராட்ச் (தட்டை முன்னும் பின்னும் இழுத்து ஒலி எழுப்புவது) பழக வேண்டும் என்பது ஒரு காரணம். கன்ட்ரோலரின் உள்ளங்கை அளவு ஜாக் வீலில் (சுழற்றும் சக்கரத்தில்) அது சரிவரவில்லை. பெரிய காரணம் அப்பாவின் ரெக்கார்டுகள். இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. எழுபது, எண்பதுகளின் தமிழ்ப் படப் பாட்டு. பாதி எல்பி, பாதி நிமிடத்துக்கு 45 சுற்றில் ஓடும் சின்ன இபி. எச்எம்வி, இன்ரிகோ, எக்கோ என்று எல்லா லேபிளும் கலந்து கிடக்கின்றன.

எனக்கு வேண்டியது இதுதான். ஒரு பாட்டு ரெக்கார்டிலிருந்து வர வேண்டும், அடுத்தது லேப்டாப்பிலிருந்து வர வேண்டும், இரண்டையும் அதே டர்ன்டேபிளில் கையால் பிடித்து மிக்ஸ் செய்ய வேண்டும். டைம்கோடு தட்டு, டிவிஎஸ் (தட்டைச் சுழற்றி லேப்டாப் பாட்டை இயக்கும் முறை) என்றெல்லாம் படித்தேன், பாதிதான் புரிந்தது. எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் வரை போகலாம். லேப்டாப் விண்டோஸ்.

தெரிந்தவர் ஒருவர் யுஎஸ்பி உள்ள பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள் ஒரு ஜோடி மலிவாகத் தருகிறேன் என்கிறார். நேராக லேப்டாப்பில் செருகினால் போதுமாம், மிக்ஸர்கூட வேண்டாமாம். வாங்கலாமா?

மிக்ஸர்மாமா (சென்னை)

வேண்டாம் தம்பி. பணத்தைப் பையிலேயே வை.

பெல்ட் டிரைவில் மோட்டாருக்கும் பிளாட்டருக்கும் (ரெக்கார்டு உட்காரும் வட்டுக்கும்) நடுவில் ஒரு ரப்பர். நீ தட்டைப் பிடித்தால் பிளாட்டரும் சேர்ந்து தயங்கும், விட்டால் பழைய வேகத்துக்கு வர நேரம் எடுக்கும். உட்கார்ந்து பாட்டுக் கேட்க அது நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். டிஜேவுக்கு டைரக்ட் டிரைவ்தான், அதில் மோட்டாரே பிளாட்டரை நேராகச் சுழற்றும். ஜப்பானில் மட்சுஷிடா கம்பெனி டெக்னிக்ஸ் என்ற பெயரில் 1970-ல் எஸ்பி-10 கொண்டுவந்து, 1972-ல் எஸ்எல்-1200 விட்டதிலிருந்து இந்த உலகமே அதன்மேல்தான் நிற்கிறது.

அடுத்தது அந்த யுஎஸ்பி. அது ரெக்கார்டைக் கணினியில் பதிவு செய்துகொள்ள வைத்த வழி. இரண்டு டர்ன்டேபிளைச் செருகினால் விண்டோஸுக்கு இரண்டு தனித்தனி சவுண்டு கார்டு. டிவிஎஸ் மென்பொருளுக்கோ நான்கு உள்வழியும் ஒரே கார்டிலிருந்து, ஒரே ஏஎஸ்ஐஓ (தாமதம் குறைந்த) டிரைவரில் வர வேண்டும். அந்த நண்பர் சொல்வது நடக்காது.

யோசிக்க வேண்டிய வரிசை: மென்பொருள், அப்புறம் மிக்ஸர், கடைசியில் டர்ன்டேபிள். எல்லோரும் தலைகீழாகத்தான் போகிறார்கள்.

ஸ்கார்பரோ சுழலி (டொரொன்டோ)

டைம்கோடு என்ன என்று புரிந்துவிட்டால் மற்ற முடிவுகள் பாதி தானாகவே வந்துவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டைம்கோடு தட்டில் பாட்டு இல்லை. கீச்சென்று ஒரே சுருதியில் ஒரு சத்தம்தான் இருக்கிறது. செராட்டோ என்ற மென்பொருளின் தட்டில் அது 1 கிலோஹெர்ட்ஸ். 33-ல் சரியான வேகத்தில் ஓடும்போது லேப்டாப்புக்கு 1000 ஹெர்ட்ஸ் கேட்கும். பிட்சை (சுழலும் வேகத்தை) 8 சதவீதம் ஏற்றினால் 1080 கேட்கும். அதை வைத்து மென்பொருள் உன் எம்பி3-யின் வேகத்தை மாற்றுகிறது. தட்டை முன்னால் தள்ளுகிறாயா, பின்னால் இழுக்கிறாயா என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இடது சேனலிலும் வலது சேனலிலும் அதே சத்தம்தான், ஆனால் கால் அலை முன்பின்னாக இருக்கும். எது முந்துகிறது என்று பார்த்தால் திசை தெரிந்துவிடும். இதற்கு மேல் அந்தச் சத்தத்துக்குள்ளேயே ஒரு எண்வரிசையும் பொதிந்திருக்கிறது. ஊசி தட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அது சொல்லும். ஊசியைத் தூக்கி நடுவில் வைத்தால் பாட்டும் நடுவுக்குத் தாவுவது அதனால்தான்.

அதாவது டிவிஎஸ்-ஸில் ஊசி பாட்டை வாசிப்பதில்லை, உன் கையின் அசைவை வாசிக்கிறது. ஒலியின் தரம் லேப்டாப்பில் உள்ள ஃபைலையும் சவுண்டு கார்டையும் பொறுத்தது.

இந்த யோசனை ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது, ஃபைனல் ஸ்க்ராட்ச் என்ற பெயரில். 2004-ல் நியூசிலாந்தின் செராட்டோவும் அமெரிக்காவின் ரேனும் சேர்ந்து ஸ்க்ராட்ச் லைவ் கொண்டுவந்த பிறகுதான் ஊர் ஊராகப் பெட்டி தூக்கிய டிஜேக்கள் ரெக்கார்டை வீட்டில் வைத்துவிட்டு லேப்டாப்போடு கிளம்பினார்கள். அப்போது நடுவில் தனியாக ஒரு சின்ன சவுண்டு கார்டுப் பெட்டி இருக்கும். இன்று அந்தப் பெட்டி மிக்ஸருக்குள்ளேயே போய்விட்டது.

உன் கேள்விக்கு நேரான பதிலும் அங்கேதான் இருக்கிறது. சவுண்டு கார்டு உள்ளே வைத்த மிக்ஸரில் ஒவ்வொரு சேனலின் தலையிலும் ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் ஃபோனோ (ஊசியின் ஒலி நேராக), மறு பக்கம் யுஎஸ்பி (லேப்டாப்பின் ஒலி). அப்பாவின் ரெக்கார்டைப் போட்டால் ஃபோனோ. டைம்கோடு தட்டைப் போட்டால் யுஎஸ்பி. ஊசியின் சிக்னல் லேப்டாப்புக்குப் போய், பாட்டு அதே சேனலுக்குத் திரும்பி வரும். நீ கேட்ட "ஒன்று ரெக்கார்டு, அடுத்தது லேப்டாப்" என்பது இவ்வளவுதான். டைம்கோடு ஓடும்போது மறந்துபோய் ஃபோனோவுக்குத் தட்டிவிட்டால் அந்தக் கீச்சுச் சத்தம் ஹால் முழுக்கக் கேட்கும். கல்யாணத்தில் ஒரு முறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

கருந்தட்டு

அண்ணா, இது வேறு யாரும் சொல்லித் தராத விளக்கம். நன்றி. அப்படியானால் எந்த மிக்ஸர்? வீடியோக்களில் எல்லோரும் டிஜேஎம்-எஸ்7, ரேன் செவன்ட்டி என்கிறார்கள்.

ஸ்கார்பரோ சுழலி

இரண்டுமே தரமான ஸ்க்ராட்ச் மிக்ஸர். செவன்ட்டியின் ஃபேடர் (ஒலியை ஏற்றியிறக்கத் தள்ளும் குமிழ்) காந்தத்தில் இயங்குவது, உரசித் தேய்கிற பாகம் இல்லை. இரண்டிலும் இரண்டு யுஎஸ்பி வழி உண்டு. ஒரு டிஜே முடிப்பதற்குள் அடுத்தவர் தன் லேப்டாப்பைச் செருகி, பாட்டு நிற்காமல் கைமாற்றலாம். கிளப்பில் அது பெரிய வசதி.

ஆனால் உன் ஒன்றரை லட்சத்தில் புதிதாக அதில் ஒன்றை வாங்கினால் டர்ன்டேபிளுக்கு மிச்சம் என்று பெரிதாக எதுவும் இருக்காது. பயனியர் டிஜேவின் டிஜேஎம்-250எம்கே2 மாதிரி உள்ளேயே கார்டு உள்ள இரண்டு சேனல் மிக்ஸர் செகண்ட் ஹாண்டில் பார். அது ரெகார்ட்பாக்ஸ் (அதே கம்பெனியின் டிஜே மென்பொருள்) டிவிஎஸ்-ஸோடு ஒத்துப்போகும். வாங்குமுன் நீ ஓட்டப்போகும் மென்பொருளின் தளத்துக்குப் போய், ஹார்டுவேர் அன்லாக் பட்டியலில் (எந்தச் சாமானைச் செருகினால் மென்பொருளின் பூட்டு திறக்கும் என்ற பட்டியல்) அந்த மாடல் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள். எம்கே2 என்ற வால் இருப்பதும் இல்லாததும் வேறு வேறு மிக்ஸர்.

பென்குயின் பிரியன் (கோவை)

யாருமே இலவச வழியைச் சொல்லவில்லையே! மூன்று எக்ஸ் போட்ட மிக்ஸ் (Mixxx) என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. காசு கிடையாது, எந்த மிக்ஸர் வேண்டும் என்ற பூட்டும் கிடையாது. நான்கு உள்வழி, நான்கு வெளிவழி உள்ள சாதாரண இன்டர்ஃபேஸ் போதும். பெஹ்ரிங்கர் யுஎம்சி404எச்டி ஓர் உதாரணம். டர்ன்டேபிளில் ப்ரீஆம்ப் (ஊசியின் மெல்லிய சிக்னலை உயர்த்தும் பகுதி) இருந்தால் லைன் லெவலில் நேராக அதில் செருகலாம். செராட்டோவின் டைம்கோடு தட்டையே மிக்ஸ் படிக்கும். லினக்ஸில் எக்ஸ்வாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, கறுப்புத் திரையில் இரண்டு வட்டம் மட்டும் காட்டும், பழைய லேப்டாப்பிலும் பறக்கும்.

மிக்ஸர்மாமா

வீட்டில் பழக அது நல்ல வழி, மறுக்கவில்லை. மேடையில்? அடுத்த டிஜே வந்து "எந்த கேபிள் எங்கே போகிறது" என்று கேட்கும்போது நீ டார்ச் அடித்துக் காட்ட வேண்டும். தம்பி கல்யாணத்துக்குப் போகிறவர். சாமான் குறைவாக, வயர் குறைவாக இருக்க வேண்டும்.

பென்குயின் பிரியன்

வயரைப் பார்த்து பயப்படுகிறவர் சவுண்டு வேலைக்கு ஏன் வந்தார் மாமா :)

கிள்ளான் காந்தம் (மலேசியா)

நான் வேறு பக்கம் நின்று பேசுகிறேன். ஊசியே எதற்கு?

கல்யாண மேடை என்றால் பலகை மேடை. கீழே சப்-ஊஃபர், மேலே ஆட்டம். ஒவ்வொரு பேஸ் அடிக்கும் மேசை அதிரும், அந்த அதிர்வு ஊசிக்குப் போகும், ஊசி தாவும் அல்லது ஹூம் என்று ஊளையிடும். பிரான்சில் செய்யும் ஃபேஸ் என்ற கருவியைப் பாருங்கள். தட்டின் நடுவில் ஒரு சின்ன வில்லையை வைத்தால் அதன் சுழற்சியைக் கம்பியில்லாமல் ரிசீவருக்கு அனுப்பும். ரிசீவர் அதை டைம்கோடு சத்தமாகவே மாற்றி மிக்ஸருக்குக் கொடுக்கும். ஊசி தேய்மானம் இல்லை, தூசி இல்லை, காற்றடித்தாலும் கவலை இல்லை. பயனியர் டிஜேவும் 2023-ல் பிஎல்எக்ஸ்-சிஆர்எஸ்எஸ்12 விட்டது. ஊசி வைக்காமலே டிவிஎஸ் ஓட்டலாம், வேண்டுமென்றால் சாதாரண ரெக்கார்டும் போடலாம். காலம் அந்தப் பக்கம்தான் போகிறது.

ஸ்கார்பரோ சுழலி

காந்தம், நானும் வெளியரங்க நிகழ்ச்சிக்கு ஃபேஸ் கொண்டுபோகிறவன்தான். ஆனால் அது இடத்தைச் சொல்லாது, அசைவை மட்டும் சொல்லும். ஊசியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துப் பாட்டைத் தாண்டும் பழக்கம் போய்விடும், குறித்து வைத்த இடத்துக்குத் தாவும் க்யூ பட்டனில்தான் போக வேண்டும். பழகுகிறவருக்கு முதலில் ஊசியைக் கையாளத் தெரிய வேண்டும். அது இல்லாமல் இந்த வேலையில் பாதி ருசி இல்லை.

கிள்ளான் காந்தம்

ருசிக்காக நிகழ்ச்சி நடுவில் பாட்டு தாவினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று கேளுங்கள். செராட்டோவில் ரிலேட்டிவ் மோட் போட்டால் ஊசி தாவினாலும் பாட்டு தாவாது, அதையாவது அவருக்குச் சொல்லுங்கள்.

ஸ்கார்பரோ சுழலி

அது நியாயம். கருந்தட்டு, குறித்துக்கொள்: வீட்டில் ஆப்சலூட் (ஊசி வைத்த இடத்துக்கே பாட்டு வரும்), மேடையில் ரிலேட்டிவ். சிக்னலே போய்விட்டால் இன்டர்னல். பாட்டு தட்டை நம்பாமல் தானே ஓடும்.

மிக்ஸர்மாமா

அதிர்வுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. டர்ன்டேபிளுக்கு அடியில் கனமான கடப்பைக் கல் பலகை, அதற்கு அடியில் மெத்தென்ற ஸ்பாஞ்ச். மேசையை ஸ்பீக்கருக்கு முன்னால் போடாதே, சப் வைத்த பலகையோடு உன் மேசைப் பலகை ஒட்டாமல் பார்த்துக்கொள். மிக்ஸரில் லோ கட் (அடித்தள அதிர்வை வெட்டும் சுவிட்ச்) இருந்தால் போடு. முக்கால்வாசிப் பிரச்சினை இதிலேயே போகும்.

நாற்பத்தைந்து (லண்டன்)

நான் டிஜே இல்லை, சேகரிப்பவள். ரெக்கார்டு பெட்டி என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தம்பி, அப்பாவின் தட்டுகளில் ஸ்க்ராட்ச் செய்யாதே. டிஜே கார்ட்ரிட்ஜ் (ஊசி மாட்டிய தலை) மூன்று, நான்கு கிராம் எடையோடு உட்காரும். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் இழுத்தால் பள்ளத்தின் சுவர் தேய்ந்து, அந்த இடத்தில் என்றைக்கும் சரசரவென்று கேட்கும். டைம்கோடு தட்டு தேய்ந்தால் கடையில் புதிது வாங்கலாம். எக்கோ இபி தேய்ந்தால் எங்கே போவாய்?

டர்ன்டேபிளில் ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் முனை) திருகிக் கழற்றுகிற மாதிரி இருக்கும். அதனால் இரண்டு ஹெட்ஷெல் வைத்துக்கொள். ஒன்றில் உருண்டை முனை டிஜே ஊசி. இன்னொன்றில் கேட்பதற்கான ஊசி. ஆடியோ-டெக்னிகா விஎம்95இ போதும், நீள்வட்ட முனை, இரண்டு கிராம். மாற்றும்போதெல்லாம் எதிர்எடையைத் திருப்பி அளவு வைக்க வேண்டும். எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு மலிவாகவே கிடைக்கிறது.

என் யோசனை இது. ஒவ்வொரு ரெக்கார்டையும் நல்ல ஊசியில் ஒரே ஒரு முறை ஓட்டி, கணினியில் வேவ் ஃபைலாகப் பதிந்துகொள். அதற்கு முன் கழுவு. சென்னை ஈரத்தில் டிரங்குப் பெட்டியில் கிடந்த தட்டில் பூஞ்சை இல்லாமல் இருக்காது. டிஸ்டில்டு வாட்டரும் மென்மையான துணியும் வைத்து, பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, லேபிள் நனையாமல் பார்த்துக்கொள். பதிந்த பிறகு மேடையில் டைம்கோடு தட்டைப் போட்டு அந்த ஃபைலை எவ்வளவு வேண்டுமானாலும் இழு, கிழி. கையில் அதே உணர்வு, அப்பாவின் தட்டு பத்திரமாக உறையில்.

கருந்தட்டு

அக்கா, இதை யோசிக்கவே இல்லை. அப்படியானால் மேடைக்கு ரெக்கார்டே எடுத்துப் போக வேண்டாமா?

நாற்பத்தைந்து

இரண்டு பிரதி உள்ளதை எடுத்துப் போ. ஒரே பிரதி உள்ளது வீட்டை விட்டு நகரக் கூடாது. 45 இபிக்கு நடு ஓட்டை பெரிதாக இருந்தால் அடாப்டர் வேண்டும், டர்ன்டேபிளோடு வரும். பல இந்திய இபிகளில் சின்ன ஓட்டைதான்.

ஸ்கார்பரோ சுழலி

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இங்கேதான் டர்ன்டேபிள் கன்ட்ரோலரை விட ஒரு படி மேலே நிற்கிறது.

எழுபதுகளின் படப் பாட்டை மென்பொருளில் போட்டு ஸிங்க் (இரண்டு பாட்டின் வேகத்தைத் தானே பொருத்தும் பட்டன்) அழுத்திப் பார். ஒரு நிமிடம் நன்றாகப் போகும், அப்புறம் இரண்டு பாட்டும் இரண்டு குதிரை போலத் தனித்தனியே ஓடும். காரணம், அந்தப் பாட்டு மெட்ரோனோம் வைத்துப் பதிவானதில்லை. அறை நிறைய வயலின், தபேலா, டிரம்ஸ் எல்லாம் இசைக்குழுவை நடத்துபவரின் கையைப் பார்த்து வாசித்தவை. பல்லவியில் நிமிடத்துக்கு 118 அடியாக இருந்த வேகம் சரணத்தில் 121 ஆகும், இடையிசையில் இன்னும் கொஞ்சம் ஏறும். மென்பொருளோ பாட்டு முழுக்க ஒரே வேகம் என்று நினைத்துத் தாளக் கட்டம் போட்டிருக்கும்.

இரண்டு வழி இருக்கிறது. கட்டத்தைப் பகுதி பகுதியாகக் கையால் சரிசெய்யலாம். செராட்டோவில் பல இடங்களில் குறி வைக்கலாம், ரெகார்ட்பாக்ஸில் டைனமிக் என்ற பகுப்பாய்வு இருக்கிறது, ட்ராக்டர் என்ற மென்பொருளில் 2024-ல் வந்த நான்காம் பதிப்பில்தான் நெகிழும் கட்டம் வந்தது. பாட்டுக்குப் பாட்டு உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. இன்னொரு வழி, ஸிங்கை அணைத்துவிட்டு ஒரு விரலைப் பிளாட்டரின் ஓரத்தில் வைத்து, காதில் கேட்டு, மெல்லத் தடுத்தும் தள்ளியும் கூடவே ஓடுவது. பழைய பாட்டை இன்றைய ஹவுஸ் பீட்டின்மேல் உட்காரவைக்க எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஓடும் பிளாட்டர் இல்லாமல் அதைச் செய்வது கடினம்.

கருந்தட்டு

அதனால்தான் என் கன்ட்ரோலரில் பழைய பாட்டு எப்போதும் நழுவுகிறதா! சரி, கடைசிக் கேள்வி, டர்ன்டேபிள். டெக்னிக்ஸ் இல்லாவிட்டால் தாழ்வா? டார்க் (மோட்டார் சுழற்றும் விசை) எண்ணைப் பார்த்தால் குழப்பமாக இருக்கிறது.

மிக்ஸர்மாமா

டார்க் எண் சொல்கிறேன், நீயே பார். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2, 1979-ல் வந்தது: 1.5 கிலோகிராம்-செ.மீ. 2019-ல் வந்த எம்கே7: 1.8. பயனியர் பிஎல்எக்ஸ்-1000: 4.5. எண்தான் எல்லாம் என்றால் டெக்னிக்ஸ் எப்போதோ குப்பைக்குப் போயிருக்க வேண்டும். முப்பது வருடம் உலகத்தின் எல்லா கிளப்பிலும் அந்த 1.5-தான் சுழன்றது. வேகம் ஆடாமல் இருப்பது, டோன் ஆர்மின் (ஊசியைத் தாங்கும் கையின்) பேரிங் தளராமல் இருப்பது, உடலின் கனம், இவைதான் முக்கியம். அதே நேரம் ஒரு அளவுக்குக் கீழே போகாதே. ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-எல்பி120எக்ஸ் மிக்ஸ் செய்யப் போதும், ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. அதன் டார்க் 1 அளவில்தான் என்பதால் வேகமான ஸ்க்ராட்சுக்குத் திணறும். அதே கம்பெனியின் எல்பி140எக்ஸ்பி 2.2, பிட்ச் 24 சதவீதம் வரை போகும், டிஜே ஊசியோடு வருகிறது. உன் பணத்துக்கு அதைப் பார்.

பழைய எம்கே2 கிடைத்தால்? 2010-ல் டெக்னிக்ஸ் உற்பத்தியை நிறுத்தியது, 2016-ல்தான் திரும்ப வந்தது. அதனால் சந்தையில் உள்ள எம்கே2 எல்லாமே வயதானது. பிளாட்டர் ஓரத்துப் புள்ளி வரிசை ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் அசையாமல் நிற்கிறதா, பிட்ச் ஃபேடர் பூஜ்ஜியத்தில் பச்சை விளக்கு எரிகிறதா, டோன் ஆர்மை மெல்ல ஆட்டினால் கடகடவென்று இருக்கிறதா என்று பார். ஆர்சிஏ கேபிளை மாற்ற வேண்டியிருக்கும், அது பெரிய செலவில்லை.

கிள்ளான் காந்தம்

ஜப்பானிலிருந்து இறக்கிய செட் என்றால் பின்னால் வோல்ட் எண்ணைப் படியுங்கள். 100 என்று இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் சாக்கெட்டில் செருகக் கூடாது. இங்கே பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மால் பக்கம் ரெக்கார்டு தேடிப் போகும்போதெல்லாம் இந்தக் கதை காதில் விழும். 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் பற்றி மட்டும் கவலை வேண்டாம், குவார்ட்ஸ் வைத்த டைரக்ட் டிரைவுக்கு அது ஒரு பொருட்டில்லை.

ஸ்கார்பரோ சுழலி

ஊசிக்கு: ஆர்ட்டோஃபோன் கான்கார்டு டிஜிட்டல் டைம்கோடுக்காகவே செய்தது. ஷூர் எம்44-7 வாங்கு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்; ஷூர் 2018-ல் ஊசித் தொழிலையே விட்டுவிட்டது. இப்போது அந்தப் பெயரில் வருவதில் போலி எது, மிச்ச சரக்கு எது என்று பிரிப்பது பெரும்பாடு. பணம் போதாவிட்டால் இரண்டு டர்ன்டேபிளும் ஒரே நாளில் வேண்டாம். ஒன்று வாங்கு, மென்பொருளின் மற்ற பக்கத்தை இன்டர்னலில் லேப்டாப்பிலிருந்து ஓட்டு. ஒரு டர்ன்டேபிளில் ஸ்க்ராட்ச் பழகிய பெரிய ஆட்கள் நிறைய.

பென்குயின் பிரியன்

தட்டு வாங்கும்போது கவனம். செராட்டோவுக்கு செராட்டோ தட்டு, ட்ராக்டருக்கு ட்ராக்டர் தட்டு, ரெகார்ட்பாக்ஸுக்கு அதன் தட்டு. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. பல வகையைப் படிப்பது மிக்ஸும் விர்ச்சுவல் டிஜேவும்தான். மிக்ஸ் இலவசம் என்று சொல்லி நிறுத்துகிறேன்.

கருந்தட்டு

வாங்கிவிட்டேன்! செகண்ட் ஹாண்ட் டிஜேஎம்-250எம்கே2, புது எல்பி140எக்ஸ்பி ஒன்று, ரெகார்ட்பாக்ஸ் டைம்கோடு தட்டு இரண்டு. இரண்டாவது டர்ன்டேபிள் சீசன் முடிந்ததும். கேட்பதற்கு விஎம்95இ தனி ஹெட்ஷெல்லில்.

மாட்டிப் பார்த்ததில் இரண்டு சிக்கல். ஒன்று, ம்ம்ம் என்று பின்னால் ஒரு ஹம் வருகிறது. இரண்டு, ரெகார்ட்பாக்ஸ் செட்டிங்ஸில் வட்டமாக வர வேண்டிய டைம்கோடு சிக்னல் எனக்கு ஒற்றைக் கோடாக நிற்கிறது. தட்டு ஓடுகிறது, பாட்டு ஓடவில்லை, சில நேரம் நடுங்குகிறது.

மிக்ஸர்மாமா

ஹம்முக்கு: டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய கிரவுண்டு வயரை மிக்ஸரின் பின்னால் ஜிஎன்டி என்று போட்ட திருகில் மாட்டினாயா? அநேகமாக அதுதான். மாட்டியும் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பார். சார்ஜரைக் கழற்றியதும் நின்றால் அது பிளக் பாயின்ட்டின் எர்த் விவகாரம், எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் கொடு. எர்த் பின்னை மட்டும் வெட்டாதே.

ஸ்கார்பரோ சுழலி

கோடு என்றால் ஒரு சேனல் வரவில்லை. இடதும் வலதும் இரண்டும் வந்தால்தான் வட்டம். ஒன்று இல்லாவிட்டால் கோடு, திசையே தெரியாமல் மென்பொருள் தவிக்கும். ஹெட்ஷெல்லைக் கழற்றி, பின்னால் உள்ள நான்கு சின்ன முனைகளைத் துடை. கார்ட்ரிட்ஜில் நிற வயர் நான்கும் இறுக்கமாக இருக்கிறதா பார். அப்புறம் ஆர்சிஏ பிளக். வட்டம் கொஞ்சம் முட்டை வடிவில் வந்தால் பரவாயில்லை. இடது வலது மாறிச் செருகியிருந்தால் வட்டம் அழகாக வரும், பாட்டு பின்னோக்கி ஓடும். அது வேறு கூத்து. சேனல் சுவிட்ச் யுஎஸ்பியில் இருக்கட்டும், செட்டிங்ஸில் உள்வழி ஃபோனோ என்று இருக்கட்டும்.

பஃபரை (லேப்டாப் ஒலியைச் சேர்த்து அனுப்பும் அளவை) 256-ல் தொடங்கு. நிம்மதியாக ஓடினால் 128-க்கு இறக்கு. நொடிக்கு 44,100 மாதிரி என்ற வேகத்தில் அது மூன்று மில்லிசெகண்டுக்கும் குறைவு, கைக்குத் தெரியாது. 512-க்கு மேல் போனால் ஸ்க்ராட்ச் கையை விட்டுப் பிந்துவது தெரியும். நிகழ்ச்சி நேரத்தில் வைஃபை, புளூடூத், விண்டோஸ் அப்டேட் மூன்றையும் அணை.

கருந்தட்டு

ஹெட்ஷெல் முனைதான் அண்ணா! துடைத்ததும் வட்டம் வந்துவிட்டது. கிரவுண்டு வயர் கவருக்குள்ளேயே சுருண்டு கிடந்தது மாமா, திருகில் மாட்டியதும் ஹம் போச்சு.

இன்னொன்று. பெட்டியின் அடியில் கனமான, உடையும் மாதிரி சில தட்டு இருக்கின்றன. 78 என்று போட்டிருக்கிறது. டர்ன்டேபிளிலும் 78 பட்டன் இருக்கிறது. போடலாமா?

நாற்பத்தைந்து

இப்போது இருக்கும் எந்த ஊசியாலும் வேண்டாம். அவை அரக்குத் தட்டு. பள்ளம் எல்பியை விட மூன்று மடங்கு அகலம். உன் ஊசி பள்ளத்தின் அடியில் கிடந்து புழுதியை மட்டும் வாசிக்கும், இரண்டுக்கும் கேடு. உன் விஎம்95 உடலிலேயே ஊசியை மட்டும் உருவி, 78-க்கான எஸ்பி ஊசியைச் செருகலாம், எடையை ஐந்து கிராமுக்கு ஏற்று. பதிந்த ஒலி கொஞ்சம் மந்தமாக இருக்கும், ஏனென்றால் மிக்ஸரின் ஃபோனோ ஐம்பதுகளில் வந்த ஆர்ஐஏஏ என்ற ஒலிச்சமன் அளவுக்குச் சரிசெய்கிறது; ஆடாசிட்டி மென்பொருளில் அதை மாற்றிக்கொள்ளலாம். அரக்குத் தட்டைக் கழுவும்போது ஆல்கஹால் மட்டும் தொடக் கூடாது, கரைந்துவிடும். லேபிளைப் படம் எடுத்துப் போடு, எந்தக் காலத்துத் தட்டு என்று பார்க்கலாம்.